வாகனத்தில் யாரும் இல்லை

வியாழன் மாலைகளில் டுலூத் நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில்
காசு வாங்காத வக்கீல் நான்.
மடக்கு மேசை, இரண்டு நாற்காலி,
எழுதாத பேனாக்கள் நிறைந்த ஒரு குவளை.
வாடகைத் தகராறு, ஜீவனாம்சம், நாய்க்கடி.

ஜனவரியில் ஒரு வியாழன்
ஐலா கோஸ்கெலா வந்தார்.
ஆஸ்பத்திரியில் இரவுத் துப்புரவு வேலை.
பனிக்காலணியைக் கழற்றாமலே உட்கார்ந்து
கசங்கிய உறையொன்றை நீட்டினார்.

பழைய நீல வேன்.
ஆஸ்பத்திரிக்குப் பின்னால், விளக்குக் கம்பத்தடியில்
சும்மா நின்றிருந்தது.
அதிகாலை இரண்டு நாற்பதுக்கு
மலைச்சரிவில் இறங்கிய பிக்கப் ஒன்று
பிரேக் என்று ஒன்று இருப்பதை மறந்து
அதன் பின்பாதியை முன்பாதிக்குள் திணித்துவிட்டது.
ஓட்டியவன் பெயர் டாரன் லின்ட்குவிஸ்ட்.
போலீஸ் ஊதச் சொன்னபோது
கருவியைப் பிறந்தநாள் மெழுகுவர்த்தியென எண்ணி
கண்ணை மூடி எதையோ வேண்டிக்கொண்டு ஊதினானாம்.
அறிக்கையில் அதையும் விடாமல் எழுதியிருந்தார்கள்.

"குற்ற வழக்கு அரசாங்கத்துடையது" என்றேன்.
"நீதிபதியிடம் இழப்பீடு கேட்கலாம்.
அவன் தவணையில் தருவான்,
தராமலும் போவான்.
அவனுடைய காப்பீட்டுக் கம்பெனியை நாம் தனியே பிடிப்போம்."
சொல்லிச் சொல்லி வழவழப்பான வாக்கியங்கள்.
எனக்கே அவை வழுக்கும்.

கம்பெனி ஏற்கெனவே எழுதியிருந்தது:
முழுச் சேதம்.
மதிப்பு இரண்டாயிரத்து நானூறு டாலர்.
துருவுக்குக் கழிவு இருநூறு.
அதிர்ஷ்டவசமாக வாகனத்தில் யாரும் இல்லை.

படிவத்தை நிரப்பத் தொடங்கினோம்.
வண்டிக்குள் இருந்த பொருட்கள்?
ஜாக்கி, குடை, கறுப்புக் கண்ணாடி
என்று வழக்கமாக வரும்.
அவர் மேசையில் விரலை வைத்து
இடமிருந்து வலமாக நகர்த்திச் சொன்னார்:
ஒற்றை மெத்தை ஒன்று.
கம்பளி நான்கு.
ஜன்னல் அளவுக்கு வெட்டிய வெள்ளித்தாள் அட்டைகள்.
கொக்கியில் சீருடை, தேய்த்தது.
பாதி தீர்ந்த கடலை வெண்ணெய்.
நூலகப் புத்தகம் ஒன்று.
"அதற்குப் பணம் கட்டிவிட்டேன், இப்போதுதான், மேலே."

என் பேனா இன்னும் மெத்தையிலேயே நின்றது.

"எவ்வளவு நாளாக?"
"பதினான்கு மாதம்."
"அன்று?"
"பதினொன்றுக்கு வேலை முடிந்தது.
நாலாம் மாடியில் யாரோ வாந்தியெடுத்து,
பிறகு அடுத்த அறை, அதற்கடுத்த அறை.
விடியும்வரை இருக்கச் சொன்னார்கள்.
திட்டிக்கொண்டேதான் போனேன்."

படிவத்தைப் புரட்டினேன்.
காயம்: இல்லை.
பயணிகள்: இல்லை.
இருந்திருக்க வேண்டிய ஒருத்திக்கு
அதில் கட்டமே இல்லை.
சட்டம் நடந்ததைத்தான் எண்ணும்.
நடக்காமல் போனதை
அவரவர் தூக்கத்தில் எண்ணிக்கொள்ள வேண்டும்.

"மெத்தையை எழுதினால் ஏன் என்று கேட்பார்களா?"
"கேட்கலாம்."
"ஆஸ்பத்திரிக்குத் தெரியுமா?"
"யாராவது சொன்னால்."
"அப்படியானால் அதை அடித்துவிடுங்கள்."

நான் அடிக்கவில்லை.
'படுக்கைப் பொருட்கள், பயன்படுத்தியவை' என்று எழுதினேன்.
பொய்யில்லை. 
மார்ச்சில் அதற்கு நாற்பது டாலர் வந்தது,
ஒரு கேள்வியும் இல்லாமல்.
துருக் கழிவையும் திருப்பித் தந்தார்கள்.
அந்த ஆண்டு நான் ஜெயித்த ஒரே வழக்கு அதுதான் என்று
மனைவியிடம் சொன்னேன்.
அவள் கேட்டாள், "எதை?"

அது பிற்பாடு.
அந்த வியாழன் எட்டு மணிக்கு
காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.
ஐலா கையெழுத்திட்டார், நன்றி சொன்னார்,
எழுதாத பேனாவைப் பத்திரமாகக் குவளையில் போட்டார்.
வாசலில் நான் இடப்பக்கம், அவர் வலப்பக்கம்.
ஏரியிலிருந்து காற்று.

காரில் ஹீட்டரைத் திருகிவிட்டுக் காத்திருந்தேன்.
கண்ணாடியில் பனி உருக ஏழு நிமிடமாகும்.
நாலாவது நிமிடத்தில்தான் உறைத்தது,
அவர் ஏன் காலணியைக் கழற்றவே இல்லை என்று.
எங்கே தங்கியிருக்கிறார் என்று
நான் கேட்கவே இல்லை என்று.

திரும்பிப் பார்த்தேன்.
பின்னிருக்கையில் என் கோப்புப் பை,
நீளமாக, வசதியாகப்
படுத்திருந்தது.